குட்டைக்கால் நாயும் முதுகில் ஒரு ஜன்னலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, பாதியில நின்னுபோய், மறுபடி தூசு தட்டி எடுத்த பதிவு இது. கொஞ்சம் நீளம். நாய் வளர்க்காதவங்களும் படிக்கலாம், முதுகு வலி இருக்கறவங்க கட்டாயம் படிக்கலாம். ஏன்னு போகப்போகத் தெரியும்.

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1988. எனக்குப் பதினொரு வயசு. ரயில்வேயில பெரிய உத்தியோகத்துல இருந்த ஒருத்தர் மாற்றலாகிப் போகும்போது அப்பாகிட்ட ஒரு நாய்க்குட்டியக் குடுத்துட்டுப் போனார். டாஷண்ட் ஜாதி. நீள உடம்பு, குட்டைக் கால், தொங்குற காது. தெருவுல எல்லாரும் "இதென்ன, ரயில் பெட்டி மாதிரி இருக்கு"ன்னு சிரிப்பாங்க. ஜூலின்னு பேர் வெச்சோம். திண்ணையில நின்னுக்கிட்டு நான் பந்தை வீசினா, அது படியெல்லாம் பார்க்காம அப்படியே திண்ணையில இருந்து குதிச்சு ஓடும். நாலு வருஷம் அதுதான் சாயங்கால விளையாட்டு.

ஒரு நாள் காலையில பார்த்தா பின்னங்கால் ரெண்டையும் தரையில இழுத்துக்கிட்டு வந்தது. வாலும் ஆடலை. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். டாக்டர் ஒரு இடுக்கியால பின்னங்கால் விரலை அழுத்திப் பிடிச்சார். ஜூலி சட்டுனு திரும்பி அவரைக் கடிக்கப் போச்சு. "உணர்ச்சி இருக்கு சார். ஆனா இதுக்கு இங்க ஒண்ணும் செய்யறதுக்கில்ல"ன்னு அப்பாகிட்ட சொன்னார். ஊசி போட்டார். மூணு வாரம் இருந்தது. மூத்திரம் சரியா போகலை, சீழ் பிடிச்சது, செத்துப்போச்சு.

கொல்லையில குழி தோண்டும்போது அக்கா சொன்னா: "நீ குதிக்க வெச்சே, அதனாலதான்."

இவ்வளவுதான் கொசுவத்தி. இனி சரித்திரம்.

நுங்கும் டிஸ்க்கும்

மனுஷனுக்கும் சரி, நாய்க்கும் சரி, முதுகெலும்புங்கறது ஒரே எலும்பு இல்ல. கணுக்கணுவா அடுக்கின எலும்புகள். நாய்க்குக் கழுத்துல 7, மார்புல 13, இடுப்புல 7. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கறதுதான் டிஸ்க். நம்ம ஊர்ல "ஜவ்வு விலகிடுச்சு"ன்னு சொல்றோமே, அந்த ஜவ்வு.

டிஸ்க்குக்கு ரெண்டு பாகம். வெளியே கெட்டியான நார் வளையம். உள்ளே கொழகொழன்னு ஒரு கூழ். நுங்கை நெனச்சுக்கோங்க. இளசா இருந்தா அமுக்கினாலும் நெளிஞ்சு குடுத்து மறுபடி பழைய நிலைக்கு வரும். முத்திப்போனா? கல்லு. அந்த முத்தின நுங்கை அமுக்கினா நெளியாது. தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வரும். டிஸ்க்குக்கு மேல்பக்கம் தண்டுவடம் போற குழாய். வெளியே வர்றது நேரா அங்கதான் போய் இடிக்கும்.

இன்னொரு சுவாரசியம். மார்புப் பகுதியில பெரும்பாலான கணுக்கள்ல ரெண்டு பக்க விலா எலும்புத் தலைகளையும் இணைக்கற ஒரு நார் டிஸ்க்குக்கு மேல குறுக்கே ஓடுது. அது ஒரு தடுப்பு. அதனால மேல்முதுகுல டிஸ்க் வெடிக்கறது அபூர்வம். அந்த நார் முடிஞ்ச இடத்துக்கு அப்புறம், மார்பும் இடுப்பும் சேர்ற 12வது, 13வது கணுக்கள் பக்கம்தான் பெரும்பாலும் வில்லங்கம்.

கட்டின்னு நெனச்சாங்க

டாஷண்ட் நாய் திடீர்னு பின்னங்கால் செயலிழந்து விழறதைப் பத்தின முதல் குறிப்பு 1881ல யான்சன்ங்கறவர் எழுதினது. பதினஞ்சு வருஷம் கழிச்சு 1896ல டெக்ஸ்லர் இப்படிச் செத்த நாய்களோட முதுகெலும்பைத் திறந்து, தண்டுவடத்தை அழுத்திக்கிட்டிருந்த பொருளை நுண்ணோக்கியில வெச்சுப் பார்த்தார். பார்க்கறதுக்குக் குருத்தெலும்பு மாதிரி இருந்தது. ஏதோ அழற்சியால குருத்தெலும்பு வளர்ந்திருக்குன்னு முடிவு பண்ணி "என்காண்ட்ரோஸிஸ் இன்டர்வெர்டெப்ராலிஸ்"னு வாயில நுழையாத ஒரு பேர் வெச்சார்.

இதுல தமாஷ் என்னன்னா, மனுஷ டாக்டர்களும் இதே தப்பைத்தான் பண்ணிக்கிட்டிருந்தாங்க. கால்ல வலி, மரத்துப்போறதுன்னு வந்தவங்க முதுகைத் திறந்து, உள்ள இருந்த கெட்டியான துண்டை எடுத்து "குருத்தெலும்புக் கட்டி"ன்னு சீசாவுல போட்டு வெச்சாங்க. அமெரிக்காவுல மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில மிக்ஸ்டர், பார் அப்படின்னு ரெண்டு பேர். மிக்ஸ்டர் அறுவை மருத்துவர், பார் எலும்பு மருத்துவர். 1932ல ஒரு நோயாளிக்கு அறுவை செஞ்சு எடுத்த துண்டை இயல்பான டிஸ்க்கோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கட்டியே இல்ல, டிஸ்க்தான்! பழைய சீசாக்களையும் எடுத்துப் பார்த்தா அதுலயும் நிறைய டிஸ்க்தான். 1934ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல கட்டுரை வந்தது. இன்னிக்கு எவருக்காவது "டிஸ்க் ப்ரொலாப்ஸ்"னு ஸ்கேன் ரிப்போர்ட் வருதுன்னா அதோட பாட்டன் அந்தக் கட்டுரைதான்.

நாய்க்கு இந்த ஞானம் 1939ல வந்தது. டில்மான்ஸ், இது கட்டியும் இல்ல, அழற்சியும் இல்ல, சிதைஞ்சுபோன டிஸ்க் வெளியே வந்ததுன்னு காட்டினார். டெக்ஸ்லர்கிட்ட இருந்து இங்க வந்து சேர நாப்பத்து மூணு வருஷம்.

ஸ்வீடன்காரங்க ரெண்டு பேர்

அப்புறம் ஸ்டாக்ஹோம் கால்நடைக் கல்லூரியில ரெண்டு பேர். ஸ்டென்-எரிக் ஓல்சன், ஹான்ஸ்-யோர்கன் ஹான்சன். ஓல்சனோட ஆய்வு 1951ல, ஹான்சனோடது 1952ல. ரெண்டுமே வெளியானது எங்க தெரியுமா? மனுஷ எலும்பு மருத்துவர்கள் படிக்கற ஸ்காண்டிநேவிய இதழோட இணைப்பா. நாயோட முதுகும் நம்ம முதுகும் அவ்வளவு சொந்தம்.

ஹான்சன் ஏகப்பட்ட நாய்களோட டிஸ்க்கை அறுத்துப் பார்த்தார். குட்டைக்கால் ஜாதிகள்ல (டாஷண்ட், பெக்கினீஸ், ஃபிரெஞ்சு புல்டாக் வகையறா) உள்ளே இருக்கற கூழ் ஒரு வயசு ரெண்டு வயசுக்குள்ளயே குருத்தெலும்பா மாற ஆரம்பிச்சு, அதுல கால்சியம் படியுது. அதாவது நுங்கு குட்டிப் பருவத்துலயே முத்திடுது. ஒரு நாள் வெடிச்சு உள்ள இருக்கறது மொத்தமா வெளியே கொட்டும். இது ஹான்சன் ஒன்றாம் வகை. பெரும்பாலும் மூணுல இருந்து ஆறு வயசுக்குள்ள வரும். மத்த நாய்களுக்கு வயசான காலத்துல வளையம் மெதுவா புடைச்சு அழுத்தும். இது ரெண்டாம் வகை. எழுபது வருஷம் தாண்டியும் இன்னிக்கும் கால்நடை மருத்துவர்கள் வாயில வர்றது இந்த ரெண்டு வகைதான்.

ஹான்சன் "என்ன நடக்குது"ன்னு பார்த்தார்னா ஓல்சன் "என்ன செய்யலாம்"னு பார்த்தார். அவர் பிரபலப்படுத்தின முறைக்கு ஃபெனஸ்ட்ரேஷன்னு பேர். லத்தீன்ல ஃபெனஸ்ட்ரா அப்படின்னா ஜன்னல். டிஸ்க்கோட நார் வளையத்துல பக்கவாட்டுல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டி, உள்ள இருக்கறதைச் சுரண்டி எடுத்துடறது. வெடிக்கறதுக்கு உள்ள சரக்கே இல்லாமப் பண்ணிடறது. ஒரே தடவையில பக்கத்து டிஸ்க் பலதுக்கும் ஜன்னல் வெச்சுடலாம்.

நல்ல யோசனை. ஆனா ஒரு ஓட்டை. (ஜன்னல்னதும் ஓட்டை ஞாபகம் வருது :-)) ஏற்கெனவே வெடிச்சு வெளியே வந்து தண்டுவடத்தை நசுக்கிக்கிட்டிருக்கறதை ஜன்னல் என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது.

கூரையைப் பிரிச்சாங்க

அதே 1951ல அமெரிக்காவுல கிரீன், ரெட்டிங் ரெண்டு பேரும் தனித்தனியா, எலும்பையே திறந்து தண்டுவடத்தை விடுவிக்கற அறுவையைப் பத்தி எழுதினாங்க. தண்டுவடம் போற குழாய்க்கு மேல எலும்புக் கூரை ஒண்ணு இருக்கு. லாமினான்னு பேர். கூரையைப் பிரிச்சா லாமினெக்டமி. ஒரு பக்கச் சரிவை மட்டும் பிரிச்சா ஹெமிலாமினெக்டமி. அலபாமாவுல ஆபர்ன் பல்கலைக்கழகத்துல ஹோர்லைன்ங்கறவர் இந்த ஒரு பக்க முறையைத் தொடர்ந்து செஞ்சு, முடிவுகளை ஒப்பிட்டு 1956ல எழுதினார். 1965ல வந்த அவரோட நாய் நரம்பியல் புத்தகம் அந்தத் துறைக்கே அஸ்திவாரம்.

ஸ்வீடன்ல இருந்து 1962ல ஃபுங்க்விஸ்ட் கட்டுரை. கூரையை மேல இருந்து எவ்வளவு அகலமா பிரிக்கறதுங்கறது அதுல விஷயம். அகலமா பிரிச்சா தண்டுவடத்துக்கு இடம் தாராளம். ஆனா பின்னாடி அந்த இடத்துல வடுத்திசு வளர்ந்து அதுவே தண்டுவடத்தை இறுக்க ஆரம்பிக்கும். கம்மியா பிரிச்சா அந்தத் தொல்லை குறைவு, ஆனா அடியில கிடக்கற சரக்கை எட்டி எடுக்க முடியாது. ஒரு பக்கச் சரிவைப் பிரிக்கற ஹெமிலாமினெக்டமி நிலைச்சு நின்னதுக்குக் காரணமே இதுதான். பக்கவாட்டுல நுழைஞ்சா சரக்கு கிடக்கற இடத்துக்கு நேர்வழி.

நடுவுல ஒரு பப்பாளி

இந்தக் கதையில பப்பாளிக்கும் ஒரு பங்கு உண்டு. 1956ல லூயிஸ் தாமஸ்ங்கற அமெரிக்க மருத்துவர், பப்பாளிப் பால்ல இருந்து எடுத்த பப்பாயின் நொதியை முயலுக்கு ஊசியில ஏத்தினதும் அதோட காது ரெண்டும் தொங்கிப்போச்சு, சில நாள்ல பழையபடி நிமிர்ந்துச்சுன்னு எழுதினார். குருத்தெலும்பை விறைப்பா வெச்சிருக்கற பொருளை நொதி கரைச்சிருக்கு. லைமன் ஸ்மித்ங்கற எலும்பு மருத்துவர் இதைப் பிடிச்சுக்கிட்டார். காதுக் குருத்தெலும்பைக் கரைக்கும்னா டிஸ்க்கையும் கரைக்குமே? கைமோபப்பாயின் ஊசி பொறந்தது. 1964ல நாய்களுக்குப் போட்டுப் பார்த்த கட்டுரை ஒண்ணும் வந்தது. மனுஷங்களுக்கு அமெரிக்க அரசு அனுமதி 1982ல. சிலருக்குக் கடும் ஒவ்வாமை, இன்னும் சில விபரீதங்கள். 2003ல விற்பனையே நின்னுபோச்சு. நாயோட கதையில இன்னொரு சிக்கல்: கால்சியம் படிஞ்சு இறுகினதை நொதி கரைக்காது.

கத்தி இல்லாம உள்ள இருக்கறதை அழிக்கற ஆசை மட்டும் போகலை. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்துல தோல் வழியா ஊசி இறக்கி லேசரால டிஸ்க்கைச் சுடற முறையை 1992ல இருந்து 2001 வரைக்கும் 277 நாய்களுக்குச் செஞ்சு முடிவு வெளியிட்டாங்க. இதுவும் ஜன்னல் மாதிரிதான். வருமுன் காக்கும், வந்தபின் காக்காது.

இன்னிக்கு எப்படிச் செய்யறாங்க

முதல்ல எந்தக் கணுன்னு கண்டுபிடிக்கணும். அந்தக் காலத்துல எக்ஸ்ரே, அப்புறம் தண்டுவடத்தைச் சுத்தி இருக்கற நீர்ல சாயம் ஏத்தி எடுக்கற மைலோகிராம். இப்ப சி.டி., எம்.ஆர்.ஐ. எந்தப் பக்கமா வெளியே வந்திருக்குன்னுகூட தெரிஞ்சுடும்.

மயக்க மருந்து குடுத்து, குப்புறப் படுக்க வெச்சு, முதுகு ரோமத்தைச் சிரைச்சு, நடுமுதுகுக்கிட்ட நீளமா ஒரு கீறல். தசையை எலும்புல இருந்து ஒதுக்கறாங்க. கடைசி விலா எலும்பை விரலால தொட்டு அங்க இருந்து கணுவை எண்ணறாங்க. ஸ்கேன் என்னதான் சொன்னாலும், எண்ணிக்கை தப்பினா தப்பான கூரையைப் பிரிச்சுடுவோம். அப்புறம் வேகமா சுத்தற டிரில். சூடேறாம இருக்க மேல உப்புநீர் சொட்டிக்கிட்டே இருக்கும். எலும்பு மூணு அடுக்கு: மொதல்ல வெள்ளை, அப்புறம் ரத்தம் கசியற சிவப்பு, மறுபடி வெள்ளை. ரெண்டாவது வெள்ளை தெரிஞ்சா நிதானிக்கணும். அடுத்தது தண்டுவடம். அந்தக் கடைசி மெல்லிய ஓட்டை நுனிக்கருவியால பேத்து எடுக்கறாங்க.

உள்ள பார்த்தா பற்பசை மாதிரியோ, உதிர்ந்த சுண்ணாம்பு மாதிரியோ அந்த முத்தின நுங்கு, ரத்தக்கட்டியோட கலந்து கிடக்கும். சின்னக் கொக்கி, சின்னக் கரண்டி வெச்சுத் தண்டுவடத்தைத் தொடாம வழிச்செடுக்கறாங்க. பல பேர் அதே டிஸ்க்குக்கு ஓல்சனோட ஜன்னலையும் வெச்சுடறாங்க, மறுபடி கொட்டாம இருக்க. 1951ல ரெண்டு கண்டத்துல தனித்தனியா வந்த ரெண்டு யோசனையும் இப்ப ஒரே கீறல்ல சேர்ந்துடுச்சு. திறந்த இடத்துல கொஞ்சம் கொழுப்பை வெச்சு மூடி, தையல்.

அப்புறம்தான் வீட்டு வேலை. ஒரு மாசம் கூண்டு வாசம். மூத்திரப்பையைக் கையால அமுக்கிக் காலி பண்ணணும், தானா போற வரைக்கும். புரட்டிப் படுக்க வைக்கணும். கால் பயிற்சி. அறுவை நல்லா நடந்தும் மூத்திரப்பையைக் கவனிக்காம விட்டா அதுவே ஆளைக் கொல்லும்.

விரலைக் கிள்ளிப் பார்க்கற பரீட்சை

2022ல அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவர் கழகம் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சலிச்சு ஒரு ஒருமித்த அறிக்கை வெளியிட்டது. அதுல சொல்றது சுருக்கமா: பின்னங்கால் ரெண்டும் விழுந்துபோயும், விரலை அழுத்தினா வலி மூளைக்குத் தெரியற நாய்கள்ல, அறுவை செஞ்சா நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நடந்துடுது. அறுவை இல்லாம வெறும் ஓய்வுன்னா அறுபது பக்கம். வலியே தெரியாதுன்னா அறுவை செஞ்சும் அறுபது பக்கம்தான், செய்யலேன்னா இருபது பக்கம். அதுலயும் சிலதுக்குத் தண்டுவடமே கரைஞ்சு அழிஞ்சு உயிர் போயிடும்.

கவனிக்கணும்: காலை இழுத்துக்கறது வலி தெரியறதுக்கு அத்தாட்சி இல்ல. அது தண்டுவடத்தோட அனிச்சைச் செயல். திரும்பிப் பார்க்கணும், கத்தணும், கடிக்க வரணும். அப்பதான் சேதி தலைக்குப் போச்சுன்னு அர்த்தம்.

அப்போ நம்பின ஸ்டீராய்டு ஊசியும் அடிபட்டுப்போச்சு. 1990ல மனுஷங்ககிட்ட நடந்த ஒரு பெரிய சோதனையைப் பார்த்து நாய்களுக்கும் அதிக அளவுல குடுத்தாங்க. 2016ல நாய்கள்லயே முறையா சோதிச்சுப் பார்த்தா, வெறும் மருந்தில்லா ஊசியைவிட ஒசத்தி இல்லைன்னு தெரிஞ்சது.

வலி தெரியாத நாய்களுக்காகவும் முயற்சி நடக்குது. கேம்பிரிட்ஜ்ல 34 வளர்ப்பு நாய்கள்ல, நாயோட மூக்குக்குள்ள இருந்தே செல் எடுத்து வளர்த்துத் தண்டுவடத்துல வெச்சுப் பார்த்தாங்க. 2012ல முடிவு வந்தது. முன்கால் பின்கால் ஒத்திசைவு கூடியிருந்தது. ஆனா மூளைக்கும் பின்னுடம்புக்கும் அறுந்த தந்தி சேரலை, மூத்திரக் கட்டுப்பாடும் திரும்பலை.

கடைசியா, பந்து

டாஷண்ட்னா ஜெர்மன்ல பேட்ஜர் நாய்னு அர்த்தம். வளை தோண்டி வாழற பேட்ஜரைப் பொந்துக்குள்ள போய்ப் பிடிக்கக் குட்டைக்கால் வேணும்னு மனுஷன் பார்த்துப் பார்த்து இனச்சேர்க்கை பண்ணினது. அந்தக் குட்டைக்காலுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்4ங்கற மரபணுவோட ஒரு உபரி நகல்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. 18வது குரோமோசோம்ல. 2017ல கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 12வது குரோமோசோம்ல அதே மரபணுவோட இன்னொரு நகலைக் கண்டுபிடிச்சது. காலைக் குட்டையாக்கறதோட, டிஸ்க்கைச் சின்ன வயசுலயே முத்த வைக்கறதும் இந்த நகல்தான். டாஷண்ட் ஜாதியில ரெண்டு நகலும் சர்வ சாதாரணம். அஞ்சுல ஒண்ணுக்கு வாழ்நாள்ல இந்த வியாதி வருதுங்கறாங்க.

போன வருஷம் சென்னையில ஒரு நண்பர் வீட்டு டாஷண்டுக்கு இதே மாதிரி கால் விழுந்து, அறுவை செஞ்சு, மூணாவது வாரம் தள்ளாடித் தள்ளாடி வாசல் வரைக்கும் வந்து என்னைப் பார்த்துக் குரைச்சது. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சதுதான் இவ்வளவும்.

ஆக, ஜூலியோட டிஸ்க் நான் பந்து வீச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முத்த ஆரம்பிச்சிருக்கும். திண்ணையில இருந்து குதிக்காம இருந்தாலும், சோத்துத் தட்டைப் பார்த்துத் திரும்பும்போது வெடிச்சிருக்கலாம். இதைப் படிச்சப்ப ஒரு பாரம் எறங்கிச்சு. பொய் சொல்லலை.

ஆனா இன்னொண்ணு ஏறிக்கிச்சு. அந்த டாக்டர் விரலை அழுத்தினப்ப ஜூலி திரும்பிக் கடிக்கப் போச்சே. அது பரீட்சையில பாஸ். ஆபர்ன்லயோ ஸ்டாக்ஹோம்லயோ இருந்திருந்தா அப்பவே அறுவை செஞ்சு நடக்க விட்டிருப்பாங்க. நாங்க மூத்திரப்பையைக் காலி பண்ணக் கத்துக்கிட்டிருந்தாலேகூட ஓய்வுலயே எழுந்திருக்க வாய்ப்பு இருந்திருக்கு. டாக்டரைக் குத்தம் சொல்லலை. அவர்கிட்ட ஒரு எக்ஸ்ரே மெஷின்கூட கிடையாது. "உணர்ச்சி இருக்கு"ன்னு சரியாத்தான் சொன்னார். அதுக்கு அடுத்த வரிதான் எங்க ஊருக்கு இன்னும் வந்து சேரலை.

அக்காவுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "நானா அப்படிச் சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லியேடா"ன்னா. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவளே, "பந்து வீசும்போது அது எவ்வளவு சந்தோஷமா இருக்கும், அது ஞாபகம் இருக்கு"ன்னா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. உங்க வீட்டுல குட்டைக்கால் நாய் இருந்து, அது முதுகை வளைச்சுக்கிட்டு நடந்தாலோ, தூக்கும்போது கத்தினாலோ, காலை இழுத்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே தூக்கிக்கிட்டு ஓடுங்க. தூக்கும்போது முன்னாடி ஒரு கை, பின்னாடி ஒரு கை, முதுகு மட்டமா இருக்கணும். உங்க வீட்டு நாய்க் கதை இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க, படிக்கறேன்.